கொட்டிலில் நின்ற கார்

பழைய பொருளொன்றை வைத்திருப்பதா, விற்றுவிடுவதா என்ற கேள்வி எழாத இல்லம் இல்லை எனலாம். ஓடாத சுவர்க் கடிகாரம், தைக்காத தையல் இயந்திரம், எவரும் வாசிக்காத ஆர்மோனியம் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஏதோ ஒன்று மூலையை அடைத்துக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டில் அது ஒரு கார். அதை மீண்டும் இயங்கச் செய்ய நாங்கள் முயன்ற மூன்று வாரங்களின் கதையை இங்கே எழுதுகிறோம். காரைப் பற்றி மட்டும் எழுதினால் கதையில் பாதிதான் சொன்னவர்களாவோம். ஆகவே எங்களுக்குச் சிறுமை தரும் மறுபாதியையும் மறைக்காமல் எழுதத் துணிந்திருக்கிறோம்.

யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் எங்கள் வளவின் பின்புறத்தே, கிடுகால் வேய்ந்த கொட்டிலில் நின்றது அந்தக் கார். 1959ஆம் ஆண்டின் மொறிஸ் மைனர். இளைய வாசகர்கள் இப்பெயரை அறியாதிருக்கலாம். அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைக்க, 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த கார் இது. 1960ஆம் ஆண்டின் இறுதியில் பத்து இலட்சமாவது கார் தொழிற்சாலையை விட்டு வெளியேறியது. அந்த எண்ணிக்கையை எட்டிய முதலாவது பிரித்தானியக் கார் இதுவே. எங்களுடையது 948 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள, நான்கு சிலிண்டர்களைக் கொண்ட, 37 குதிரைவலு உடைய சிறிய எஞ்சினைத் தாங்கியது. திரும்பும் திசையைக் காட்ட மின்னி மின்னி எரியும் விளக்கு இதில் இல்லை. கதவுத் தூணிலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு கை வெளியே நீளும். அதைப் பார்ப்பதற்கென்றே ஒழுங்கைச் சிறுவர்கள் காருக்குப் பின்னால் ஓடுவார்கள்.

எங்கள் ஐயா ஆசிரியராக இருந்தவர். 1969ஆம் ஆண்டில், நான்காவது கையாக இக்காரை வாங்கினார். ஞாயிறு தோறும் பூசைக்குப் போவதற்கு அது எங்களுடைய கார். மற்றைய ஆறு நாட்களும் அது ஊருடைய கார். பிள்ளைப்பேற்றுக்குப் போகும் பெண்கள், பாம்பு தீண்டியவர்கள், நெஞ்சுநோவால் துடித்த முதியவர்கள் என்று எத்தனையோ பேர் நள்ளிரவில் எங்கள் படலையைத் தட்டியிருக்கிறார்கள். ஐயா சேட்டை மாட்டிக்கொண்டே வெளியே போவார். எவரிடமும் அவர் கூலி வாங்கியதை நாங்கள் கண்டதில்லை.

1990ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டதும் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. அக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்கள் மண்ணெண்ணெயில் ஓடிய கார்களை மறந்திருக்கமாட்டார்கள். ஒரு சிறு போத்தலில் உயிர்போல் காத்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றரின் வாயில் விட்டு எஞ்சினை எழுப்புவார்கள். அது சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கும். வெள்ளைப் புகையும் கண் எரியும் நெடியும் ஒழுங்கை முழுவதும் பரவும். மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல் எளிதில் ஆவியாவதில்லை. ஆவியாகாத பகுதி பிஸ்ரனைச் சுற்றியுள்ள வளையங்களைக் கடந்து கீழே இறங்கி, எஞ்சின் ஒயிலோடு கலந்து அதை நீர்க்கச் செய்யும். நீர்த்த ஒயில் இரும்பை இரும்பிலிருந்து காக்காது. மேலே வால்வுகளில் கரி படியும். தன் காரை மெல்ல மெல்லக் கொல்கிறோம் என்பதை ஐயா நன்றாக அறிந்திருந்தார். ஆயினும் இரவில் படலை தட்டப்பட்டபோது அவர் எழுந்து போகாமல் இருந்ததில்லை.

1995ஆம் ஆண்டு ஐப்பசி 30ஆம் நாள் யாழ்ப்பாணம் முழுவதும் இடம்பெயர்ந்தது. அம்மாவையும் அயலிலுள்ள நடக்கவியலாத இரு முதியவர்களையும் ஏற்றிக்கொண்டு, மக்கள் வெள்ளத்தின் நடுவே நாவற்குழிப் பாலத்தை நோக்கி அந்தக் கார் ஊர்ந்தது. நாங்கள் அதன் பக்கத்தில் மழையில் நடந்தோம். அடுத்த ஆண்டில் சாவகச்சேரியிலிருந்து திரும்பியபோது அதே கார்தான் எங்களைக் கொண்டுவந்து சேர்த்தது. வீட்டுக் கூரையின் ஒரு பாதியைக் காணவில்லை. 1998ஆம் ஆண்டளவில் எஞ்சின் தட்டத் தொடங்கியது. ஐயாவின் கண்களிலும் புகை படர்ந்தது. ஒருநாள் காரைக் கொட்டிலில் விட்டு, சாவியை மாதாவின் படத்துக்குப் பின்னால் வைத்தார். அதன்பின் அது எடுக்கப்படவில்லை.

இனி எங்கள் குற்றத்துக்கு வருகிறோம்.

எங்கள் தம்பி 1989ஆம் ஆண்டில் கனடாவுக்குப் போனவன். அங்கே பகலில் ஒரு வேலையும் இரவில் ஒரு வேலையுமாக உழைத்தவன். 2002ஆம் ஆண்டில் போர்நிறுத்தம் வந்து ஏ-9 பாதை திறந்ததும், அடுத்த ஆண்டு அவன் ஒரு தொகைப் பணம் அனுப்பினான். அதனோடு வந்த கடிதத்தில், இது ஐயாவின் காரைத் திருத்துவதற்கு மட்டும் என்று எழுதி, "மட்டும்" என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடுகள் இட்டிருந்தான். ஐயா ஒருமுறையாவது அந்தக் காரில் பூசைக்குப் போகவேண்டும் என்பது அவன் ஆசை.

அந்த ஆண்டு மாரி கடுமையாக இருந்தது. ஐயா படுத்திருந்த அறையின் கூரை தகரத் துண்டுகளாலும் படங்கினாலும் ஆனது. மூன்று இடங்களில் பாத்திரம் வைத்து ஒழுக்கைப் பிடித்தோம். ஐயாவின் கட்டிலை ஓர் இரவில் நான்கு முறை நகர்த்தினோம். நாங்கள் இருவரும் விடியும்வரை பேசினோம். காலையில் தச்சரை அழைத்தோம். தம்பியின் பணம் பனஞ்சிலாகையும் ஓடுமாக மாறிக் கூரையில் ஏறியது.

அதுவரையில் நாங்கள் செய்தது பிழையென்று எவரும் சொல்லமாட்டார். பிழை அடுத்த வாரம் நிகழ்ந்தது. பணம் என்ன ஆயிற்று என்று தம்பி கேட்டு எழுதினான். "கூரைக்குச் செலவழித்தோம்" என்ற இரண்டு சொற்களை எழுத எங்களுக்குத் துணிவு வரவில்லை. இரவு வேலை செய்து சேர்த்த காசு என்பதும், அந்த இரண்டு கோடுகளும் எங்களைத் தடுத்தன. "கார் திருத்தியாயிற்று. ஐயா ஞாயிறுகளில் காரில்தான் பூசைக்குப் போகிறார்" என்று எழுதினோம். ஒருவர் சொல்ல மற்றவர் எழுதினோம். ஆகவே அப்பொய்யில் எங்கள் இருவருக்கும் சமபங்கு உண்டு.

2005ஆம் ஆண்டில் ஐயா காலமானார். முச்சக்கர வண்டியில்தான் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தம்பியால் வர இயலவில்லை. தொலைபேசியில் அவன் அழுதுகொண்டே சொன்னான்: "அண்ணை, நான் அவருக்கு ஒன்றும் செய்யவில்லை. ஆனால் கடைசிக் காலத்தில் தன்ரை காரிலை பூசைக்குப் போனவர். அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்." அந்த வேளையில் உண்மையைச் சொல்ல எந்த மனிதரால் முடியும்? நாங்களும் சொல்லவில்லை. அதன்பின் சொல்வதற்கு ஏற்ற நாள் ஒன்று ஒருபோதும் வரவேயில்லை.

2023ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், முப்பத்துநான்கு ஆண்டுகளின் பின் தம்பி வீட்டுக்கு வந்தான். மூன்று வார விடுமுறை. வந்த மறுநாட் காலையிலேயே கொட்டிலுக்குப் போனான். ஐயாவுக்குப் பின் எவரும் காரை எடுக்கவில்லை என்று முன்னரே சொல்லியிருந்தோம். பதினெட்டு ஆண்டுகள் நின்ற கார் என்று எண்ணிக்கொண்டு அதைத் தொட்டான் அவன். இருபத்தைந்து ஆண்டுகள் நின்ற கார் என்பதை அறிந்தபடி நாங்கள் பக்கத்தில் நின்றோம்.

"இதை ஓட வைப்பம், அண்ணை. அம்மாவை ஒருக்கால் ஏத்துவம்" என்றான்.

அயலில் எண்பது வயதைக் கடந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அவருடைய கை நடுங்கினாலும் காது நடுங்கவில்லை. கதிரை போட்டு அவரைக் கொட்டில் வாசலில் இருத்தினோம். அவர் இட்ட முதற் கட்டளை, "பற்றரியைக் கிட்டக் கொண்டுவரவேண்டாம்" என்பது. நெடுங்காலம் நின்ற எஞ்சினை அவசரப்பட்டுச் சுழற்றினால், சிலிண்டர்ச் சுவரோடு துருவால் ஒட்டிக்கொண்ட வளையங்கள் உடைந்துவிடும். இறுகிப்போன வால்வை உந்தும் கம்பி வளைந்துவிடும். எனவே முதலில் நான்கு பிளக்குகளையும் கழற்றி, டீசலும் ஒயிலும் கலந்த கலவையைத் துளைகள் வழியாகச் சிறிது சிறிதாக விட்டோம். "இனி நாலு நாள் ஒருத்தரும் தொடாதேங்கோ. அது தானாய் இளகவேணும்" என்றார்.

அந்த நான்கு நாட்களில் மற்றைய வேலைகளைப் பார்த்தோம். கிடுகுத் தூசியையும் எலிக்கூட்டையும் அகற்றினோம். ரேடியேற்றரைக் கழற்றிக் கிணற்றடியில் வைத்து, கீழிருந்து மேலாக நீரைச் செலுத்திக் கழுவினோம். செங்கட்டிக் கரைசல்போல நீர் வழிந்தது. றப்பர்க் குழாய்கள் விரல் பட்டதும் பொடிந்தன. அவற்றோடு விசிறிப் பட்டி, பிளக்குகள், பொயின்ற், கொண்டன்சர் ஆகியவற்றுக்கும் கொழும்பில் பஞ்சிகாவத்தையிலுள்ள உதிரிப்பாகக் கடையொன்றுக்குச் சொல்லி அனுப்பினோம். அறுபது ஆண்டுகளைக் கடந்த காருக்கும் அங்கே பாகம் கிடைப்பது வியப்புத்தான். பின்னர் எஞ்சின் ஒயிலை வடித்தோம். கறுத்து, நீர்போல் மெலிந்து ஓடியது. தம்பி விரலில் தொட்டு முகர்ந்தான். "மண்ணெண்ணெய் மணக்குது" என்று தனக்குத்தானே சொன்னான். 2003ஆம் ஆண்டில் பெற்றோல் தாராளமாகக் கிடைத்ததே என்று அவன் நெற்றியைச் சுருக்கியதை நாங்கள் கண்டோம். ஆயினும் வாய் திறக்கவில்லை.

ஐந்தாம் நாள் அவன் முன்கண்ணாடியைக் கழுவினான். தூசி கரைந்து போக, கண்ணாடியின் மூலையில் ஒட்டியிருந்த வட்டமான அனுமதிப்பத்திரம் வெளிப்பட்டது. நிறம் மங்கியிருந்தாலும் ஆண்டு தெளிவாக இருந்தது. 1998. அவன் அதை நெடுநேரம் பார்த்தான். பிறகு எங்களைப் பார்த்தான்.

"எந்தக் கராச்சிலை திருத்தினனீங்கள்?"

இருபது ஆண்டுகளாக நாங்கள் தயாரித்து வைத்திருந்த விடைகளில் ஒன்றுகூட அப்போது வாயில் வரவில்லை. "திருத்தவில்லை" என்றோம். "கூரை போட்டோம்" என்றோம். அவன் ஈரத்துணியைக் காரின் மேல் மெதுவாக வைத்துவிட்டு வீட்டுக்குள் போனான்.

இரண்டு நாட்கள் அவன் கொட்டில் பக்கம் வரவில்லை. கோபித்துச் சத்தமிட்டிருந்தால் எங்களுக்கு இலகுவாக இருந்திருக்கும். அவன் விறாந்தையில் இருந்து வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தான். சாப்பாட்டுக்கு அழைத்தால் வந்தான், கேட்டதற்கு விடை சொன்னான், அவ்வளவே. இரண்டாம் நாள் மாலையில் ஒரு வார்த்தை சொன்னான்: "காசைப் பற்றி இல்லை அண்ணை. என்ரை பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தனான், தாத்தா கடைசியிலை காரிலை பூசைக்குப் போனவர் என்று. இனி அவையளுக்கு என்ன சொல்ல?"

வாசக அன்பர்களே, நாங்கள் அவனிடமிருந்து எடுத்தது பணத்தையன்று என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. நடக்காத ஒன்றை அவனுக்கு நினைவாகக் கொடுத்து, அதை அவன் இருபது ஆண்டுகள் அணைத்துப் படுக்கவைத்தோம். இப்போது அதைப் பறித்தும் விட்டோம். அன்றே இரண்டு சொற்களை எழுதியிருந்தால், அவன் ஒரு வாரம் வருந்தியிருப்பான்; பிறகு நடந்த ஒன்றை நினைவாக வைத்திருப்பான்.

எண்பத்தெட்டு வயதான அம்மா எல்லாவற்றையும் கட்டிலில் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். அவர் அதிகம் பேசுபவரல்லர். அன்றிரவு தம்பியை அழைத்து, தம் கட்டிலுக்கு மேலே கையைக் காட்டினார். "இந்த அறையிலைதான் அவர் படுத்தவர். ரண்டு மாரி. ஒரு துளி விழயில்லை. மேலே பார்த்துக்கொண்டு, சின்னவன்ரை கூரை, சின்னவன்ரை கூரை என்று சொல்லுவார். வாறவைக்கெல்லாம் காட்டுவார். அதை உன்ரை பிள்ளைகளுக்குச் சொல்லு" என்றார்.

ஐயாவுக்குப் பணம் வந்த வழி தெரியும். நாங்கள் எழுதிய கடிதந்தான் தெரியாது. தம்பி நிமிர்ந்து, பனஞ்சிலாகைகளை ஒன்று இரண்டு என்று எண்ணுபவன்போல் பார்த்தான். நாங்கள் அறையை விட்டு வெளியே வந்துவிட்டோம்.

மறுநாட் காலை கொட்டிலில் இரும்பு தட்டும் ஓசை கேட்டு எழுந்தோம். அவன் எங்களை மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை. "அந்தச் சாவியை எடுங்கோ அண்ணை" என்றுதான் சொன்னான்.

முன்பக்கத் துளை வழியாகக் கைபிடியைச் செலுத்தினோம். முதிய மெக்கானிக் எழுந்து வந்து தம்பியின் கையைப் பிடித்துத் திருத்தினார். கைபிடியைப் பற்றும்போது பெருவிரல் மற்ற விரல்கள் இருக்கும் பக்கத்திலேயே இருக்கவேண்டும்; சுற்றிப் பிடித்தால், எஞ்சின் திருப்பி உதைக்கும் வேளையில் பெருவிரல் முறிந்துவிடும். தம்பி அழுத்தினான். அசையவில்லை. எதிர்த்திசையில் சற்று, மறுபடி முன்னே சற்று என்று தொட்டில் ஆட்டுவதுபோல் ஆட்டச் சொன்னார் முதியவர். அரைமணி நேரம் சென்றபின், ஒரு பெருமூச்சுப் போன்ற ஓசையோடு எஞ்சின் ஒரு விரற்கடை அசைந்தது. நண்பகலில் முழுச் சுற்றும் சுற்றியது. துளைகளிலிருந்து கருங்கலவை கொட்டில் கூரைவரை பீறிட்டு, எங்கள் மூவரையும் ஒரே நிறமாக்கியது. வந்த நாளின் பின் அன்றுதான் தம்பி வாய்விட்டுச் சிரித்தான்.

அடுத்து எஞ்சினின் மேல்மூடியைத் திறந்தோம். எட்டு வால்வுகளில் இரண்டு இறுகிக் கீழே நின்றன. மரச்சுத்தியலால் மெல்லத் தட்டி, ஒயில் விட்டு, மறுபடி தட்டி விடுவித்தோம். ஒவ்வொரு வால்வின் தண்டுக்கும் அதை அழுத்தும் கைக்கும் இடையே அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு இடைவெளி இருக்கவேண்டும். அதற்கு ஓர் இலகுவான கணக்கு உண்டு. எட்டாம் வால்வு முற்றாகத் திறந்து நிற்கும்போது முதலாம் வால்வைச் சரிபார்க்கலாம், ஏழாவது திறக்கும்போது இரண்டாவது, ஆறாவதற்கு மூன்றாவது. எப்போதும் கூட்டுத்தொகை ஒன்பது. இதைக் கேட்ட எங்கள் மகள் புத்தகத்தை மூடிவிட்டு வந்து, எண்களைச் சொல்லும் பொறுப்பை ஏற்றுக்கொண்டாள். தம்பி கைபிடியைச் சுழற்ற, மகள் எண்ணைச் சொல்ல, நாங்கள் மெல்லிய தகட்டைச் செருகி அளந்தோம். அந்தப் பிற்பகல் முழுவதும் எங்கள் வீட்டில் ஒன்பது என்ற எண் மட்டுமே பேசப்பட்டது என்றால் மிகையாகாது.

பிறகு தீப்பொறி. பழைய பொயின்றுகள் பச்சை பிடித்திருந்தன. புதியவற்றைப் பூட்டி, அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு இடைவெளி வைத்தோம். பிளக்குகளுக்கு 25 பங்கு. புதிய பற்றரியைக் கொண்டுவந்த இளைஞர், இக்காலக் கார்களின் வழக்கப்படி எதிர்முனையைக் காரின் உடலோடு இணைக்கப் போனார். முதியவர் கதிரையிலிருந்தே கையை உயர்த்தித் தடுத்தார். இந்தக் காரில் நேர்முனைதான் உடலோடு சேரவேண்டும். "பழைய ஆட்களுக்குப் பழைய முறை" என்றார்.

பெற்றோலுக்கு வேறொரு தடை. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் தொடங்கிய எரிபொருள் பங்கீடு அப்போதும் நடைமுறையில் இருந்தது. அனுமதிப்பத்திரமில்லாத காருக்குப் பங்கு ஏது? எங்கள் மோட்டார் சைக்கிளின் பங்கிலிருந்து இரண்டு லீற்றரை வடித்தெடுத்தோம். காரின் தாங்கியோ உள்ளே துருவாக இருந்தது. அதைத் துப்புரவாக்க நாள் போதாது. ஆகவே ஒரு போத்தலை மேலே கட்டி, குழாய் வழியாகக் காபரேற்றருக்கு நேராகப் பெற்றோல் இறங்கச் செய்தோம். காபரேற்றரைக் கழுவுவதற்குக் கந்தைத்துணி தேடிய தம்பி, காரின் முன்தட்டுக்குள் கையை விட்டு எதையோ எடுத்தான். மருந்துப் போத்தல் ஒன்று. தக்கை மூடியில் சிறிய துளை. ஐயா எஞ்சினை எழுப்பப் பெற்றோல் வைத்திருந்த போத்தல் அது. எவரும் ஒன்றும் சொல்லவில்லை. அதைக் கழுவி, அதில் பெற்றோல் நிரப்பினான்.

தம்பியின் பயணத்துக்கு இரண்டு நாட்கள் இருந்தன. பிளக்குகளைக் கழற்றியபடியே எஞ்சினைப் பலமுறை சுழற்றிப் புதிய ஒயிலை மேலேற்றினோம். பின்னர் பிளக்குகளைப் பூட்டி, போத்தலிலிருந்து சில துளிகளைக் காபரேற்றரின் வாயில் விட்டான் தம்பி. நாங்கள் உள்ளே இருந்து ஸ்ராட்டர்க் குமிழை இழுத்தோம். எஞ்சின் ஒரு தும்மல் தும்மிக் காபரேற்றர் வழியாகத் தீயைக் கக்கியது. மறுபடியும் அப்படியே. தம்பி குனிந்து பிளக்கு வயர்களைப் பார்த்தான். தீப்பொறி ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்ற ஒழுங்கில் போகவேண்டியது. நாங்கள் பூட்டிய இரண்டு வயர்கள் மாறிக் கிடந்தன.

"இதையும் நீங்கள்தான் மாத்தி வைச்சனீங்கள்" என்றான். குரலில் சிரிப்பு இருந்தது. "ஓம், நாங்கள்தான்" என்றோம். இம்முறை உடனே ஒப்புக்கொண்டோம்.

மூன்றாம் முறை குமிழை இழுத்ததும் எஞ்சின் பற்றிக்கொண்டது. கோழிகள் நாற்புறமும் சிதறின. நீலப்புகை வளவை மூடியது. எஞ்சின் மூன்று கால்களில் நொண்டும் குதிரைபோல் நடுங்கி ஓடியது. ஒயில் அழுத்தத்தைக் காட்டும் சிறு விளக்கு எரிந்தபடியே இருந்தது, நாங்கள் மூச்சை அடக்கினோம், அது அணைந்தது. "பொறுங்கோ, நாலாவது வரும்" என்று முதியவர் காதைச் சாய்த்துக்கொண்டு சொன்னார். ஒரு நிமிடம் கடந்திருக்கும். நாலாவதும் சேர்ந்துகொள்ள, ஓசை தட்டையாகி ஒழுங்காயிற்று. இருபத்தைந்து ஆண்டுகளாகக் கேளாத ஓசை. உள்ளே அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார். "அவர் வந்திட்டாரோ?" என்று கேட்டதாக மகள் பிறகு சொன்னாள்.

நீர்ப் பம்பி ஒழுகியதால் நான்கு நிமிடங்களில் நிறுத்தினோம். எஞ்சின் முற்றாகக் குணமடைந்துவிட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. வளையங்கள் தேய்ந்திருக்கின்றன, ஒயிலை உண்கிறது, தட்டும் ஓசை இன்னும் உண்டு. மண்ணெண்ணெய் செய்த சேதத்தை மூன்று வாரத்தில் மாற்ற இயலாது. அதை வீதியில் ஓட்ட அனுமதியும் இல்லை, காப்புறுதியும் இல்லை. ஆகவே பூசைக்குப் போகும் எண்ணத்தைக் கைவிட்டோம்.

தம்பி புறப்படுவதற்கு முந்திய மாலை, அம்மாவைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து முன் இருக்கையில் இருத்தினோம். அம்மா நல்ல சேலை உடுத்து, தலைக்கு முக்காடும் இட்டிருந்தார். தம்பி ஓட்டினான். கொட்டிலிலிருந்து படலை வரை முப்பது யார் தூரம் இருக்கும். போத்தலிலிருந்து பெற்றோல் சொட்ட, கார் மாமரத்தைச் சுற்றி, கிணற்றடியைக் கடந்து படலைக்கு வந்து நின்றது. தம்பி ஏதோ நினைத்தவனாய் ஓர் ஆளியைத் திருப்பினான். கதவுத் தூணிலிருந்து அந்தச் செம்மஞ்சள் கை பாதியளவு எழுந்து, அப்படியே நின்றுவிட்டது. வீதியில் நின்ற பிள்ளைகள் கைதட்டினார்கள். பின்னர் கார் பின்னோக்கி நகர்ந்து கொட்டிலுக்குத் திரும்பியது. அவ்வளவுதான் பயணம்.

விமான நிலையத்துக்குப் போகும்போது தம்பி எங்களிடம் ஒரு கடித உறையைத் தந்தான். "இதிலை நீர்ப் பம்பிக்கும் தாங்கிக்கும் காசு இருக்கு" என்றான். பிறகு சற்று நின்று, "அம்மாவுக்கு மருந்து வேணுமென்றால் அதுக்கு எடுங்கோ. ஆனால் எழுதுங்கோ" என்றான்.

எழுதினோம். 2024ஆம் ஆண்டு தை மாதத்தில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது பாதிப் பணம் மருந்துக்குப் போயிற்று. அன்றே எழுதினோம். மிஞ்சியதில் நீர்ப் பம்பி வந்தது. தாங்கி இன்னும் துருவோடுதான் இருக்கிறது, அதையும் எழுதியிருக்கிறோம். சனி தோறும் மாலையில் எஞ்சினைப் பத்து நிமிடங்கள் இயக்குகிறோம். நின்ற இடத்திலேயே நிற்கும் எஞ்சின் மீண்டும் இறுகிவிடும் என்று முதியவர் எச்சரித்திருக்கிறார்.

உங்கள் இல்லத்திலும் நெடுங்காலமாகத் திறக்கப்படாத கொட்டில் ஒன்று இருக்கலாம். எழுதவேண்டிய இரண்டு சொற்கள் எழுதப்படாமல் இருக்கலாம். ஒரேயடியாகச் சுழற்றினால் எதுவும் உடையும். முதலில் சிறிது ஒயில் விட்டுப் பொறுத்திருங்கள். பின்னர் முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்துப் பாருங்கள். ஆனால் சாவியைப் படத்துக்குப் பின்னாலேயே விட்டுவிடாதீர்கள். நாங்கள் இருபது ஆண்டுகள் விட்டுவைத்தோம். அதற்குள் அக்காரில் ஏறியிருக்கவேண்டியவர் போய்விட்டார்.